ஊர் வாசலில் ஒரு ‘மாட்டேன்’

வாற்கோதுமை மசிய மாட்டேன் என்று அடம் பிடித்தது. முந்தாநாள் பெய்த முதல் மழையில் கூரையோரம் இருந்த மூட்டை ஈரம் வாங்கியிருக்கலாம், இல்லை, தள்ளுகிற கைக்குத்தான் இன்றைக்கு மனசு வரவில்லையோ என்னவோ. அத்தாராள் முழங்காலிட்டு மேல்கல்லை முன்னால் தள்ளினாள், பின்னால் இழுத்தாள், மறுபடி தள்ளினாள். வெயில் கிழக்கு மேட்டைத் தாண்டி ஊர் வாசலில் விழுந்ததும் மூப்பர்கள் கல்லிருக்கைகளில் வந்து உட்காருவார்கள், கொழுந்தன் யாமினைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள், பிறகு அவளைக் கூப்பிட ஆள் வரும். அதுவரைக்கும் அரைக்க வேண்டியதுதான். அரைக்காமல் சும்மா இருந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் எதிரே உட்கார்ந்து சுளகில் புடைத்துக்கொண்டிருக்கும் மாமியார் சிபியாளுக்குக் கேட்டுவிடும். தள்ளினாள், இழுத்தாள். யாமின் மாட்டேன் என்று சொல்லட்டும். அந்த ஒரு சொல் போதும். செய்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. கொழுந்தன் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் ஊரில் எந்த விதவையும் வேண்டிக்கொள்வாள், இவள் ஒருத்தி அவன் வேண்டாம் என்று சொல்லவேண்டுமே என்று கிடந்து தவிக்கிறாள், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். தள்ளினாள். கல்லுக்கு அடியில் ஒரு மணி நசுங்காமல் உருண்டு வெளியே ஓடியது.

ஏசேர் செத்து இரண்டு அறுவடை முடிந்துவிட்டது. அவள் புருஷன், இந்த வீட்டின் மூத்த பிள்ளை. மலைச்சரிவு வயலுக்கு அவனே கல் சுமந்து படிச்சுவர் கட்டினான். நான் செத்தப்புறமும் நிக்கும் பாரு என்று சொன்னான், சுவர் அடுத்த மழைக்கே சரிந்தது. அவள் சிரித்துவிட்டாள். சிரித்திருக்க வேண்டாம். சிரிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கொட்டும் மழையிலேயே அதை எடுத்துக் கட்டப் போயிருக்க மாட்டானோ, காய்ச்சலோடு திரும்பியிருக்க மாட்டானோ, இதை எத்தனை தடவை நினைத்தாலும் அதே இடத்தில் வந்து முட்டி நிற்கிறது. பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாமல் செத்தவனின் மனைவியை உடன்பிறந்தவன் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவளுக்குப் பிறக்கும் முதல் ஆண்பிள்ளை செத்தவனின் பிள்ளையாக, அவன் பெயரில் வளர்ந்து, அவன் வயலை வாங்கிக்கொள்ளும். அதுதான் முறை. முள்ளும் அதற்குள்தான் இருந்தது. அந்தப் பிள்ளை பிறக்காதவரைக்கும் வயலை உழுகிறவன் யாமின், விளைச்சல் போவது யாமின் வீட்டுக்கு. மூப்பர்கள் கேட்டபோதெல்லாம் அவன் நல்லபிள்ளையாகத் தலையை ஆட்டினான். துக்கம் கழியட்டும், செய்கிறேன் என்றான். அறுவடை முடியட்டும், செய்கிறேன் என்றான். ஒலிவக் காய் பறித்து முடியட்டும், செய்கிறேன் என்றான். ஒருதரம்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை, ஒருதரம்கூட அவளிடம் வந்ததும் இல்லை. மாட்டேன் என்று சொன்னால்தான் உரிமை அடுத்த நெருங்கிய உறவுக்காரனுக்குப் போகும். இன்றைக்கும் செய்கிறேன் என்று சொன்னால் மூப்பர்கள் மனம் குளிர்ந்து எழுந்து போய்விடுவார்கள், அவள் யாமின் வீட்டு முற்றத்தில் இன்னொரு அரைகல்லாகக் கிடந்து தேய்வாள். ராத்திரி அவன் கிட்டே வரவில்லை என்று எந்த மூப்பரிடம் போய்ச் சொல்வது? வயிறு காய்ந்து முடி நரைத்த பிறகு, பாவம், அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பார்கள். ஏசேர் என்று ஒருவன் இருந்ததே ஊருக்கு மறந்துபோகும்.

அவளுக்கே மறந்துகொண்டுதான் வருகிறது. முகம் இருக்கிறது. அத்திப்பழக் காலத்தில் முதலில் பழுத்ததைக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போன விரல்கள் இருக்கின்றன. கடைசி நாட்களின் இருமல் இருக்கிறது, அது போகவே மாட்டேன் என்கிறது. குரல்தான் எங்கேயோ நழுவிவிட்டது. தண்ணி கொண்டா என்று அவன் கேட்பதை நினைத்துப் பார்த்தால் யாமினின் குரலில் கேட்கிறது, அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மாதிரிக் குரல் என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் ஒன்றில்லை, வேறு ஏதோ ஒரு கரகரப்பு இருந்தது, அது இப்போது வர மறுக்கிறது. பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று இத்தனை பாடு படுகிறாளே, அந்தப் பெயருக்குள் யார் இருக்கிறார்கள்? செத்தவனுக்காகத்தான் இதெல்லாமா? வயலுக்காகவா? தனக்கென்று மடியில் ஒரு பிள்ளை வேண்டும் என்பதற்கு ஏசேர் பெயரைச் சாக்காக வைத்திருக்கிறாளா? இருந்துவிட்டுத்தான் போகட்டுமே. பிரித்துப் பார்க்க முடியவில்லை. மாவோடு கல்துகள் கலந்த மாதிரிக் கலந்து கிடக்கிறது, சலித்தாலும் பிரியாது, தின்னும்போது பல்லில் நறநறவென்று கடிபடும், அவ்வளவுதான்.

ஊர் வாசலில் ஆண்கள் வம்சம் சொல்வதைத் தண்ணீர் எடுத்துத் திரும்பும்போது அவள் கேட்டிருக்கிறாள். இவன் அவனைப் பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான், அந்த இன்னொருவன் மற்றொருவனைப் பெற்றான். பெற்றானாம்! இடுப்பு நொந்து பெற்றவர்களைப் போலச் சொல்கிறார்கள். அந்த வரிசையில் ஒரு பெண்ணின் முக்காடு தெரியாது. அதே வம்சத்தைக் கிணற்றடியில் பெண்கள் சொன்னால் வேறு கதை. புருஷர்கள் செத்து, இளைய மகனைத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த மாமனார் ஏமாற்ற, முக்காடு போட்டு முகத்தை மறைத்து அந்த மாமனாருக்காகவே வழியோரம் உட்கார்ந்த மருமகளின் கதை. அவளை எரிக்க இழுத்து வந்தபோது, பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று கேட்டதற்கு, மாமனார் அடகாகக் கொடுத்த கைத்தடியையே நீட்டினாளாம். எல்லாம் அழிந்து, தகப்பனோடு குகைக்குள் ஒதுங்கி அவனாலேயே பிள்ளை பெற்ற அக்காள் தங்கையின் கதை, அதைச் சொல்லும்போது கன்னிப் பெண்களைத் தள்ளிப் போகச் சொல்வார்கள், அவர்கள் பாறைக்குப் பின்னால் நின்று கேட்பார்கள். மகன் கொண்டுவந்த மூலிகைக் கனியைச் சக்களத்திக்குக் கொடுத்து, அதற்குப் பதிலாகப் புருஷனை ஒரு ராத்திரிக்கு வாங்கினவளின் கதை. இவற்றைச் சொல்லும் பெண்கள் சீச்சீ என்று வாயைப் பொத்திக்கொள்வார்கள், ஆனால் கண்கள் மினுங்கும். அத்தாராளுக்கு அந்தத் துணிச்சல் எதுவும் கிடையாது. வழியோரம் உட்காரச் சொன்னால் வீட்டைப் பார்க்க ஓடிவந்துவிடுவாள். அவளிடம் இருந்தது ஒரு சின்னப் பொய். அதையும் முறைப்பாடு மாதிரிச் சொன்னாள்.

கிணற்றில் வாளி இழுத்துக்கொண்டே சொன்னாள். பக்கத்தில் குடத்தோடு நின்றது யாமினின் மனைவி ஏப்பாள், அவளுடைய ஓரகத்தி, இரண்டு ஆண்பிள்ளைகளுக்குத் தாய். “எங்க அம்மா வழியில பிரசவம்னாலே பயம்தான். எல்லாம் ரெட்டை. ஒண்ணு வெளிய வந்து அழுதா இன்னொண்ணு உள்ள இருந்து உதைக்கும்.” அவ்வளவுதான் சொன்னாள், முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏப்பாளின் குடம் நிறைந்து வழிந்து கால் நனைந்தது, அவள் கவனிக்கவில்லை. ஏப்பாள் கெட்டவள் இல்லை, தன் பிள்ளைகளின் வயிற்றை நினைக்கிறவள், மனக்கணக்கில் கெட்டிக்காரி. ஒற்றைப் பிள்ளை என்றால் அது ஏசேரின் வயலோடு போகும். இரட்டை என்றால் முதலாவது ஏசேருக்கு, இரண்டாவது யாமினுக்கு, அதாவது யாமினின் சொந்த வயலில் ஏப்பாள் பிள்ளைகளோடு பங்குக்கு நிற்கும். புருஷன் ஒதுங்கியே இருப்பான் என்று எந்த மனைவி கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள்? அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று அத்தாராளால் சொல்ல முடியும். ஆனால் அவள் அம்மாவுக்கு அவள் ஒருத்திதான். அதுவும் நெடுங்காலம் கழித்து, வேண்டாத இடமெல்லாம் வேண்டிப் பிறந்தவள். இரட்டை இரட்டையாகப் பெறும் வம்சம் என்று கூசாமல் சொன்னவளுக்கு, ஏசேரோடு வாழ்ந்த காலமெல்லாம் மாதம் தவறியதில்லை. எல்லாம் நினைத்தபடி நடந்து, யாமின் விலகி, அடுத்த முறைகாரன் சேர்த்துக்கொண்டு, அப்புறமும் ஒன்றும் நடக்கவில்லை என்றால்? இதை நினைக்காதே. தள்ளு. இழு.

அடுத்த முறைகாரன் சம்மாய். ஏசேருக்குச் சித்தப்பா மகன், மனைவியை இழந்தவன், மழைநீர்த் தொட்டிகளுக்குச் சுண்ணாம்பு பூசுகிறவன், நகக்கண்ணெல்லாம் வெள்ளையாக இருக்கும். பட்டப்பகலில் அவனிடம் போய், என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். தொட்டிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தான், குனிந்துதான் பேச வேண்டியிருந்தது, குரல் உள்ளே போய் எதிரொலித்து இரண்டாவது தடவை கேட்டபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. “முதல் உரிமை அவனுக்கு. அவன் இருக்கும்போது நான் எப்படிம்மா வர்றது?” என்றான். அவன் மாட்டேன்னு சொல்லிட்டா, என்று கேட்டாள். உள்ளே கரண்டி சுவரில் இழுபடும் ஓசை கேட்டது. “எனக்கு எல்லாம் பொண்ணுங்க. கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. எம் பேரும் போகப்போற பேருதான். போற பேரு ரெண்டுல ஒண்ணாவது நிக்கட்டுமே.” அதைக் கேட்டுத் திரும்பும்போது அவள் அழுதாள், எதற்கென்று தெரியாமல். அவன் முகத்தைக்கூட அன்று சரியாகப் பார்க்கவில்லை, தலையில் படிந்த சுண்ணாம்பைத்தான் பார்த்தாள்.

“உங்க அம்மாவுக்கு நீ ஒருத்திதானே புள்ள?” என்றாள் சிபியாள் திடீரென்று, சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கல் நின்றது. “ஆமா மாமி.”

“ஏப்பாள் வந்திருந்தா, நீ ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்தப்போ. உங்க வம்சத்துல எல்லாம் ரெட்டையாமேன்னு கேட்டா. மூஞ்சி செத்துக் கெடந்துச்சு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“காது சரியாக் கேக்கலைன்னு சொன்னேன்.” உமி பறந்தது. சிபியாளுக்குப் பக்கத்து வீட்டில் பால் பொங்குவதுகூடக் கேட்கும். பிறகு, வேறு யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்: “யாமினும் நான் பெத்தவன்தான்.”

அத்தாராள் கல்லைப் பிடித்த கையை எடுக்கவில்லை, தள்ளவும் இல்லை. இத்தனை நாள் இதை யோசிக்காமல் இருந்துவிட்டாளே. மூத்தவன் பெயருக்காக இந்த மாமியார் தன்னோடு நிற்பாள் என்று எப்படி அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டாள்? யாமின் மாட்டேன் என்றால் முறைப்படி அத்தாராள் ஊர் பார்க்க அவன் செருப்பைக் கழற்றி, அவன் முன்னால் துப்புவாள், அண்ணன் வீட்டை, அவன் வம்சத்தை, கட்டாதவன் என்று சொல்வாள், அதற்குப் பிறகு அவன் வீட்டுக்குச் செருப்புக் கழன்றவன் வீடு என்றே பெயர். ஒரு பெயரை நிறுத்த இன்னொரு பெயரை அழுக்காக்க வேண்டும். இரண்டும் சிபியாள் வயிற்றில் கிடந்த பெயர்கள். செத்த மகனுக்காக உயிரோடு இருக்கிற மகனை விட்டுக்கொடுப்பாளா ஒரு தாய்? ஒரே வார்த்தை போதும், அது பொய்யடா என்று. அவன் நிம்மதியாகப் போய், செய்கிறேன் என்று சொல்லிவிடுவான். அத்தாராளுக்கு மாமியாரின் கைகளைப் பார்க்கப் பயமாக இருந்தது, அதனால் சுளகைப் பார்த்தாள், சுளகில் தானியம் எழும்பி எழும்பி விழுவதைப் பார்த்தாள்.

நினைத்து முடிக்கவில்லை, சுற்றுச்சுவர் இடைவெளியில் நிழல் விழுந்தது. யாமின். உள்ளே வரவில்லை. எண்ணெய் வைத்துத் தலை வாரி, நல்ல மேலங்கி போட்டிருந்தான். அவள் பக்கம் பார்க்கவே இல்லை. “அம்மா,” என்றான். ஏசேர் கூப்பிடுகிற மாதிரியே இருந்தது, இல்லை, இல்லை, அந்தக் கரகரப்பு இல்லை. “அம்மா, வாசலுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். இவங்க வம்சத்துல ரெட்டைன்னு ஏப்பாள் ராத்திரியெல்லாம் தூங்க விடலை. நெசமா அது?”

சிபியாள் திரும்பவில்லை. சுளகை மடியில் வைத்துக்கொண்டாள். வெகு தூரத்தில் ஒரு கழுதை கத்தி ஓய்ந்தது.

“ரெட்டையா? ரெட்டைன்னு யாரு சொன்னா?” என்றாள் கிழவி.

முடிந்தது, என்று நினைத்தாள் அத்தாராள்.

“அவ பெரியம்மாவுக்கு ஒரே பிரசவத்துல மூணு. மூணும் ஆணு. நான்தானே போய்ப் பார்த்துட்டு வந்தேன். எது எந்தப் பிள்ளைன்னு பெத்தவளுக்கே தெரியலை.”

யாமின் நின்றான். நிழல் சுவரைவிட்டு அகன்றது. அவன் காலடிச் சத்தம் சரிவில் இறங்கி மறையும் வரைக்கும் சிபியாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், முதுகு மட்டும் சின்னதாகக் குறுகிப் போயிருந்தது. பிறகு, “அரை புள்ள. மாவு பத்தாது,” என்றாள். அத்தாராள் அரைத்தாள். கண்ணீர் மாவில் விழாமல் இருக்க முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டே அரைத்தாள். ஆள் வந்து கூப்பிட்டபோது கிழவி தலை நிமிராமல், “முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டுப் போ,” என்றாள்.

ஊர் வாசலில் வெயில் முழுதாக இறங்கியிருந்தது. இத்தனை ஆண்கள் ஒன்றாகத் தன்னைப் பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. தான் பேசுவது தனக்கே எட்டாத தூரத்திலிருந்து கேட்டது, என் கொழுந்தன் தன் அண்ணன் பெயரை நிலைநிறுத்த மனசில்லாமல் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூப்பர்களில் மூத்தவர் யாமினைக் கேட்டார். யாமின் தரையைப் பார்த்தான், கூட்டத்தில் சம்மாயைப் பார்த்தான், மறுபடி தரையைப் பார்த்தான். செய்கிறேன் என்கிற சொல் அவன் தொண்டையில் ஏறுவதும் இறங்குவதும் அவளுக்குத் தெரிந்தது. “மாட்டேன்,” என்றான். “எனக்கு இவங்களைச் சேத்துக்க மனசில்லை.” கூட்டம் முணுமுணுத்தது. சொல்லிவிட்டான். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. அவன் முன்னால் போய் மண்டியிட்டாள், செருப்பின் வாரைத் தொட்டாள், தொட்ட கை அப்படியே நின்றுபோனது. அது ஏசேரின் பாதம். இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீண்டு, சுண்டுவிரல் உள்ளே மடங்கி, கணுக்காலுக்குக் கீழே அதே பள்ளம். குரல் போய்விட்டது என்று தேடிக்கொண்டிருந்தாளே, கால் இங்கே இருக்கிறது, சூடாக, நரம்பு துடித்துக்கொண்டு. குதிகால் மட்டும் வேறு மாதிரி, வறண்டு, பாளம் பாளமாக வெடித்து, ஒரு வெடிப்பில் ரத்தம் உறைந்திருந்தது. இரண்டு வயல் உழுகிற கால். வாரை அவிழ்த்தாள், செருப்பை எடுத்தாள், எழுந்தாள். துப்ப வேண்டும். வாயில் ஈரம் இல்லை. மாவுத்தூசியும் பயமும் சேர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூப்பர்கள் காத்திருந்தார்கள். துப்பாவிட்டால் காரியம் முடியாது. அவன் தலையைக் குனிந்தபடி, உதடு அசையாமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “துப்பிடுங்க மதினி,” என்றான். அந்தச் சொல்லில் என்ன இருந்தது, கோபமா, வேண்டுதலா, இந்த இரண்டு வருஷ இழுபறி அவனுக்கும்தான் அலுத்துப்போயிருந்ததா, பிற்பாடு எத்தனையோ நாள் அவள் யோசித்துப் பார்த்தாள். அப்போது துப்பினாள். பெரிதாக ஒன்றும் விழவில்லை. அண்ணன் வீட்டைக் கட்டாத மனுஷனுக்கு இப்படியே செய்யப்படும் என்று சொன்னாள். அதற்குப் பிறகு சம்மாய் முன்னால் வந்து நின்று, “நான் சேத்துக்கிறேன். முதல் பிள்ளை ஏசேர் பிள்ளை, அந்த வயல் அவனுக்கு,” என்றதும், சாட்சி, சாட்சி என்று மூப்பர்கள் சொன்னதும் யாருடைய கல்யாணத்திலோ கேட்கும் சத்தம் போல இருந்தன.

வீட்டில் சிபியாள் அதே இடத்தில் இருந்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. தெருவில் பிள்ளைகள் அதற்குள் செருப்புக் கழன்ற வீடு, செருப்புக் கழன்ற வீடு என்று கூவிக்கொண்டு ஓடினார்கள், அவளுக்குத்தான் எல்லாம் கேட்குமே. அத்தாராள் தண்ணீர் மொண்டு குடித்தாள். இரண்டாம் தடவை மொள்ளும்போது கிழவி கேட்டாள்:

“கால் எப்படி இருக்கு அவனுக்கு?”

“வெடிச்சிருக்கு மாமி. ரத்தம் கட்டியிருக்கு.”

“மழை விழுந்தா அவனுக்கு வெடிக்கும். சின்னதுலேருந்து அப்படித்தான். ஆட்டுக்கொழுப்பை உருக்கித் தடவணும். ஏப்பாளுக்குச் சொல்லியிருக்கேன், அவ மறந்துருவா.” எழுந்து உள்ளே போனாள். அடுப்பில் ஏதோ காய்ந்து வாசனை வந்தது. வெகுநேரம் கழித்து ஒரு கிண்ணத்தோடு வந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவளைப் போல முற்றத்தின் நடுவில் நின்றாள். “நான் எந்த மூஞ்சியோட போவேன்?” என்றாள். அத்தாராள் போய் அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

தெருவில் அவளைப் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கொழுப்பு இன்னும் இறுகவில்லை, சிந்தாமல் நடக்க வேண்டியிருந்தது, அதனால் மற்ற எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை. யாமின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஏப்பாள் என்று கூப்பிட்டாள். கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஏப்பாளின் கண் வீங்கியிருந்தது, அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், அத்தாராளைப் பார்த்தாள்.

“குதிகாலுக்கு,” என்றாள் அத்தாராள். “சூடா இருக்கும்போதே தடவணுமாம்.”

உள்ளே இருட்டிலிருந்து யாமினின் குரல் வந்தது: “யாரு?”

“யாருமில்ல,” என்றாள் ஏப்பாள். கதவு சாத்திக்கொண்டது. அத்தாராள் வெறுங்கையோடு நின்றாள். கிண்ணம் உள்ளே போயிருந்தது.